உங்கள் தேவைக்கேற்ற சிறிய ஜெனரேட்டர்: காந்தம் வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

பழுதான பிரின்டர் ஒன்று கையில் கிடைத்தால், அதைத் திறந்து உள்ளே இருக்கும் ஸ்டெப்பர் மோட்டாரை, அதாவது சிறு சிறு படிகளாகச் சுழலும் மோட்டாரை, கழற்றி எடுங்கள். அதிலிருந்து நான்கோ ஆறோ கம்பிகள் நீண்டிருக்கும். ஒரே சுருளைச் சேர்ந்த இரண்டு கம்பிகளை மல்டிமீட்டரால் கண்டுபிடித்து, அவற்றின் குறுக்கே ஒரு சிவப்பு எல்.இ.டி.யை இணையுங்கள். அச்சை விரலால் சுண்டிவிட்டால் எல்.இ.டி. பளிச்சிடும். இப்போது எல்.இ.டி.யை எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கிவிட்டு மறுபடி சுழற்றிப் பாருங்கள். சற்றுமுன் எளிதாகச் சுற்றிய அச்சு, சேற்றில் புதைந்ததுபோல் விரலை எதிர்க்கும்.

அந்த எதிர்ப்பை ஒருமுறை விரலால் உணர்ந்துவிட்டால், ஜெனரேட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதி புரிந்துவிடும். காந்தப்புலம் மாறும் இடத்தில் கம்பிச்சுருள் இருந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டது இது. அடுத்த ஆண்டே ஹிப்போலிட் பிக்ஸி என்ற பிரெஞ்சுக் கருவி வினைஞர், கையால் சுழற்றும் ஜெனரேட்டர் ஒன்றைச் செய்துவிட்டார். மின்னழுத்தம் பிறப்பது முதல் பாதி. மின்சாரத்தை எடுக்கத் தொடங்கியதும் அச்சு கனக்கிறது என்பது மறு பாதி. சுருளில் ஓடும் மின்னோட்டம் தானே ஒரு காந்தமாகி, தன்னைப் பிறப்பித்த சுழற்சியைத் தடுக்கிறது. எவ்வளவு வாட் எடுக்கிறீர்களோ, அதற்குச் சற்று அதிகமாகவே யாரோ அல்லது எதுவோ அந்த அச்சைச் சுழற்றிக் கொடுக்க வேண்டும்.

சொந்தமாக ஒரு சிறு ஜெனரேட்டர் செய்யும் ஆசை வந்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடுவது காந்தத்தை, அல்லது ஒரு பழைய மோட்டாரை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். காயிலை, அதாவது கம்பிச்சுருளை, சுற்றி, காந்தங்களை ஒட்டி, எல்லாம் முடிந்தபின் சுழற்றிப் பார்த்தபோது, பேட்டரியை எட்டும் மின்னழுத்தம் வரவே நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று தேவைப்பட்டது. என்னிடம் இருந்த காற்றாலை இறக்கை அந்த வேகத்தை எந்தக் காற்றிலும் தொடாது. செய்தது பழுதில்லாத ஜெனரேட்டர்தான், ஆனால் வேறு யாருடைய தேவைக்கோ பொருந்தியது. அதன்பின் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் தேவை, அடுத்து சுழற்றும் விசை, அதன் வேகம், கடைசியில்தான் செம்பும் காந்தமும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

தேவையை எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு எண்களைத் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்று வாட், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு வேண்டும் என்பது. மற்றொன்று வாட்-மணி, அதாவது ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து எவ்வளவு வேண்டும் என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவைக்கு ஐந்து மடங்கு பெரிய இயந்திரத்தைச் செய்துவிட்டு அவதிப்படுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 9 வாட் எல்.இ.டி. பல்புகள் மூன்று, ஐந்து மணி நேரம்: 135 வாட்-மணி. 30 வாட் எடுக்கும் சிக்கன மின்விசிறி ஒன்று, எட்டு மணி நேரம்: 240. இரண்டு கைப்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்ற 30. ஐம்பது வாட் மடிக்கணினி மூன்று மணி நேரம்: 150. கூட்டினால் 555 வாட்-மணி. பேட்டரியில் போட்டு எடுப்பதிலும் இன்வெர்ட்டரிலும் கணிசமாக இழப்பு ஏற்படும் என்பதால் நான் இதை 1.4-ஆல் பெருக்கி, 800 வாட்-மணி என்று முழுமையாக்கிக்கொள்வேன்.

இப்போது இந்த 800-ஐ எத்தனை மணி நேரத்தில் உண்டாக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நாளெல்லாம் ஓடும் ஓடைநீர் கிடைத்தால் 24-ஆல் வகுக்கலாம், 34 வாட் தரும் ஜெனரேட்டரே போதும். பெட்ரோல் இன்ஜினை இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 400 வாட் வேண்டும். ஒரே வீட்டின் ஒரே தேவைக்கு 34-உம் சரியான விடை, 400-உம் சரியான விடை. சுழற்றும் விசை எத்தனை மணி நேரம் உங்களுக்குத் துணை நிற்கும் என்பதே அளவைத் தீர்மானிக்கிறது.

குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் போன்றவற்றைப் பட்டியலில் சேர்ப்பதானால் ஓர் எச்சரிக்கை. ஓடும்போது 120 வாட் எடுக்கும் கம்ப்ரஸர், கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அந்த இழுப்பைச் சிறு ஜெனரேட்டரால் நேரடியாகத் தாங்க முடியாது. பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் நடுவில் இருந்தால் தாங்கும்.

சுற்றப் போவது யார்?

நான்கு வழிகள் உண்டு. மனித உழைப்பு, இன்ஜின், நீர், காற்று.

நல்ல உடல்நிலை உள்ளவர் சைக்கிள் பெடலை மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 75 முதல் 100 வாட் வரை தர முடியும். நம் 800 வாட்-மணிக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மிதிக்க வேண்டும். கைப்பேசிக்கும் ஒரு விளக்குக்கும் பெடல் நல்ல துணை. அதற்குமேல் எதிர்பார்த்தால் கால்கள் ஏமாற்றிவிடும்.

இன்ஜினுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் வெப்பமாக அடங்கியிருக்கிறது. சிறு இன்ஜினும் ஜெனரேட்டரும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கினால் பெரிது. ஆனால் அந்தப் பங்கும் நல்ல சுமையில்தான் கிடைக்கும். 2000 வாட் இன்ஜினை ஒரு பல்புக்காக இரவெல்லாம் ஓட்டினால், எரிபொருளில் பெரும்பகுதி இன்ஜின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவே போய்விடும். சிறிது நேரம் நன்றாகச் சுமையேற்றி ஓட்டிப் பேட்டரியை நிரப்பிவிட்டு நிறுத்துவதே சிக்கனம்.

நீர் கிடைக்கும் இடத்தில் வேறெதையும் யோசிக்காதீர்கள் என்பது என் கருத்து. கணக்கும் எளிது. நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்ற இரண்டையும் பெருக்கி, 9.81-ஆல் மறுபடி பெருக்கினால் வாட் வரும். நொடிக்கு 2 லிட்டர், 5 மீட்டர் உயரம் என்றால் 98 வாட். குழாயின் உராய்வு, சக்கரம், ஜெனரேட்டர் எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டது போக அதில் பாதி கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 49 வாட். நமக்குத் தேவைப்பட்டதோ 34. ஒரு வாளியும் கடிகாரமும் இருந்தால் நீரளவை அளந்துவிடலாம்: 10 லிட்டர் வாளி ஐந்து நொடியில் நிரம்பினால் நொடிக்கு 2 லிட்டர். ஆனால் இதைக் கோடையில் அளக்க வேண்டும். மழைக்காலத்து ஓடையை நம்பிச் சக்கரம் செய்பவர்கள் பலர்.

காற்று இவ்வளவு நேர்மையானதன்று. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது, பாதியானால் எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. 2 மீட்டர் விட்டமுள்ள இறக்கை நொடிக்கு 5 மீட்டர் காற்றில் நின்றால், அதன் வட்டத்துக்குள் புகும் ஆற்றல் சுமார் 240 வாட். அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்பது இயற்பியல் வரம்பு, ஆல்பர்ட் பெட்ஸ் பெயரால் அறியப்படுவது. வீட்டில் செதுக்கிய இறக்கையும் கையால் சுற்றிய காயிலும் சேர்ந்தால் கால்பங்கைவிடச் சற்று அதிகம், ஏறத்தாழ 65 வாட் கைக்கு வரும். இந்தக் காற்று நாளில் பன்னிரண்டு மணி நேரம் வீசினால் 780 வாட்-மணி. நம் தாளில் எழுதிய 800-க்கு மிக அருகில் வந்துவிட்டோம். அதனால் இந்த 2 மீட்டர் காற்றாலையையே எடுத்துக்கொண்டு மேலே போகலாம். பெடலுக்கும் நீர்ச்சக்கரத்துக்கும் முறை ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறும்.

வேகமும் துருவங்களும்

நன்றாகச் செதுக்கிய மூன்று இறக்கைக் காற்றாலையில், இறக்கையின் நுனி காற்றைப்போல ஆறு மடங்கு வேகத்தில் ஓடும். நொடிக்கு 3.5 மீட்டர் என்ற மென்காற்றில் நுனி வேகம் 21 மீட்டர். 2 மீட்டர் விட்டத்தின் சுற்றளவு 6.28 மீட்டர் என்பதால், இறக்கை நிமிடத்துக்கு 200 தடவை சுற்றும். இந்த 200-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். இதிலிருந்துதான் ஜெனரேட்டரின் வடிவம் பிறக்கப் போகிறது.

கடைகளில் கிடைக்கும் இன்ஜின் ஜெனரேட்டர்களில் பல நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகின்றன. அதற்குக் காரணம் 50 ஹெர்ட்ஸ். ஒரு வட, ஒரு தென் துருவம் உள்ள சுழலி ஒருமுறை சுற்றினால் மின்னோட்டம் ஒருமுறை மேலேறி இறங்கும். நொடிக்கு 50 முறை வேண்டுமானால் நொடிக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3000. நான்கு துருவங்கள் இருந்தால் 1500 போதும். துருவங்கள் கூடக்கூட, தேவையான வேகம் குறைகிறது.

முதலில் விரலால் சுண்டிய ஸ்டெப்பர் மோட்டாருக்குத் திரும்புங்கள். ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்ட வகையில், அச்சு ஒருமுறை சுற்றும்போது சுருளுக்குள் காந்தப்புலம் 50 தடவை முழுதாக முன்னும் பின்னும் மாறுகிறது. விரலின் மெல்லிய சுழற்சிக்கே எல்.இ.டி. எரிந்ததன் ரகசியம் அது. பொம்மைக் காரில் உள்ள சிறு மோட்டாரில் இரண்டே துருவங்கள், அதை அதே வேகத்தில் சுழற்றினால் எல்.இ.டி. எரியாது. மெதுவான விசைக்கு நிறையத் துருவங்கள் வேண்டும். இந்த ஒரு விதியை மறந்தவர்கள்தான் பெல்ட்டும் பல்சக்கரமும் தேடி அலைகிறார்கள். பெல்ட் தவறில்லை, பெடலுக்கு அது வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஆற்றலில் ஒரு பங்கை உராய்வாக எடுத்துக்கொள்ளும். 65 வாட் மட்டுமே கிடைக்கும் இடத்தில் அது வலிக்கும்.

பழைய கார் ஆல்டர்னேட்டர் ஆகாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. கார் ஓடும்போது அதன் பேட்டரியை நிரப்பும் ஜெனரேட்டர்தான் ஆல்டர்னேட்டர். இன்ஜினுக்கு ஆகும், காற்றுக்கும் கைக்கும் ஆகாது. கார் ஆல்டர்னேட்டரின் சுழலியில் நிலைக்காந்தம் கிடையாது. பேட்டரியிலிருந்து சில ஆம்பியர் எடுத்துத்தான் அது தன்னைக் காந்தமாக்கிக்கொள்கிறது. அதற்கே முப்பது நாற்பது வாட் போய்விடும், மென்காற்றில் நாம் சம்பாதிப்பதில் பாதிக்கும் மேல். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்றினால்தான் சார்ஜ் ஏற்றத் தொடங்கும், நல்ல அளவு வர அதைவிட இரு மடங்கு வேண்டும். ஆனால் ஒரு சிறு பெட்ரோல் இன்ஜினோடு பெல்ட் போட்டு 12 வோல்ட் பேட்டரியை விரைவாக நிரப்ப அதைவிட மலிவான, உறுதியான பொருள் வேறில்லை. மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடும், மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் உள்ளேயே இருக்கின்றன.

நிலைக்காந்தம் உள்ள பழைய மோட்டார்கள் நல்ல தொடக்கம். மின்சார சைக்கிளின் சக்கர மோட்டார், பெல்ட் இல்லாமல் டிரம்மை நேரடியாகச் சுழற்றும் சலவை இயந்திர மோட்டார் இரண்டும் நிறையத் துருவங்களோடு மெதுவாகச் சுற்றப் பிறந்தவை. பெடல் ஜெனரேட்டருக்கும் சிறு நீர்ச்சக்கரத்துக்கும் நான் இவற்றையே முதலில் பார்ப்பேன். சக்கர மோட்டாரில் ஒன்றைக் கவனியுங்கள்: உள்ளே பல்சக்கரம் வைத்த வகையில் பெரும்பாலும் ஒருதிசைப் பிடி இருக்கும், அதனால் முன்னோக்கிச் சுற்றினால் மோட்டார் சும்மா கிடக்கும். பல்சக்கரம் இல்லாத நேரடி வகையைத் தேடுங்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் சொந்தமாகச் சுற்ற வேண்டியதுதான். சிறு காற்றாலைக்கு உலகெங்கும் கைவினைஞர்கள் பின்பற்றுவது இரட்டைத் தட்டு முறை. ஸ்காட்லாந்தின் ஸ்கோரெய்க் என்ற ஒதுக்குப்புறத்தில் வாழும் ஹியூ பிகாட் இதைப் பலருக்கும் கற்றுக்கொடுத்துப் பரப்பியவர். இரண்டு எஃகுத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் வடக்கும் தெற்குமாக மாற்றி மாற்றி ஒட்டிய 12 நியோடைமியம் காந்தங்கள். இரண்டுக்கும் நடுவே, ரெசினில் வார்த்த 9 காயில்கள் அசையாமல் நிற்கும். நான்கு காந்தத்துக்கு மூன்று காயில் என்ற விகிதம் மூன்று ஃபேஸைத் தானாகவே தந்துவிடுகிறது. காயிலுக்குள் இரும்பு இல்லாததால் காந்தம் எங்கும் பிடித்து நிற்காது, மென்காற்றிலும் இறக்கை தடையின்றிக் கிளம்பும். லேத் இல்லாமலே இதைச் செய்துவிடலாம் என்பதும் இதன் பெருமை.

எத்தனை சுற்று?

இங்கேதான் ஆரம்பநிலையினர் சூத்திரங்களுக்கு அஞ்சிப் பின்வாங்குகிறார்கள். அஞ்ச வேண்டாம். ஒரு சோதனைக் காயில் போதும்.

காந்தத் தட்டுகள் தயாரானதும், எனாமல் பூசிய செம்புக் கம்பியில் சரியாக 50 சுற்று எண்ணி ஒரே ஒரு காயில் சுற்றுங்கள். நடுத்துளை காந்தத்தின் அளவுக்கு ஒத்திருக்கட்டும். அதைத் தட்டுகளின் இடைவெளியில் அசையாமல் பிடித்துவைத்து, தட்டை நிமிடத்துக்கு 200 சுற்று வேகத்தில் சுழற்றுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளந்தால் 3 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 46-க்கு 30 மில்லிமீட்டர் காந்தங்களோடு இது நடக்கக்கூடிய அளவுதான்.

இனி கூட்டல் பெருக்கல் மட்டும். 9 காயில்களில் 1, 4, 7 ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே நிலையில் காந்தத்தைச் சந்திப்பவை. அவற்றைத் தொடராக இணைத்தால் 9 வோல்ட். இதுபோல் மூன்று ஃபேஸ்கள். அவற்றின் ஒரு முனைகளை நடுவில் சேர்த்து நட்சத்திர இணைப்பாக்கினால், எந்த இரண்டு வெளிக் கம்பிகளுக்கும் இடையே 1.73 மடங்கு, அதாவது 15.6 வோல்ட். மல்டிமீட்டர் காட்டுவது சராசரிபோன்ற ஒரு மதிப்பு, அலையின் உச்சம் அதைப்போல 1.41 மடங்கு. 22 வோல்ட்.

24 வோல்ட் பேட்டரியை நிரப்ப விரும்புகிறோம். ஓய்வில் அது ஏறத்தாழ 25 வோல்ட்டில் இருக்கும். ஏ.சி.யை டி.சி.யாக்கும் ஆறு டயோடுகளில் எந்த நொடியிலும் இரண்டின் வழியே மின்னோட்டம் போகும், இரண்டும் சேர்ந்து 1.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஆக, உச்சம் 26.4-ஐத் தொட்டால்தான் முதல் துளி மின்னோட்டம் பேட்டரிக்குள் நுழையும். நம்மிடம் இருப்பது 22. சுற்றை 1.2 மடங்காக்கினால் 26.4. அதாவது 50-க்குப் பதில் 60 சுற்று. முடிந்தது. நொடிக்கு 3.5 மீட்டர் காற்றிலேயே சார்ஜ் தொடங்கும் ஜெனரேட்டர் உங்கள் மேசைமேல் வந்துவிட்டது. 50 சுற்றிலேயே விட்டிருந்தால் 240 சுற்று வேகத்தில், அதாவது 4.2 மீட்டர் காற்றில் தொடங்கியிருக்கும். அந்த சிறு வித்தியாசத்தில் ஆண்டின் எத்தனையோ மென்காற்று நாட்கள் அடங்கியிருக்கின்றன.

அப்படியானால் 120 சுற்று போட்டால் 100 சுற்று வேகத்திலேயே தொடங்குமே என்று தோன்றும். தொடங்கும், ஆனால் அங்கேயே நின்றுவிடும். அச்சு கனத்துப்போய் இறக்கை தன் இயல்பான வேகத்துக்கு ஏறவே முடியாது, காற்றைப் பிடிக்காமல் நழுவவிடும். தவிர, அதே இடத்தில் இரு மடங்கு சுற்று அடைக்கக் கம்பியின் குறுக்குப்பரப்பைப் பாதியாக்க வேண்டும். நீளம் இரண்டு மடங்கு, பருமன் பாதி, மின்தடை நான்கு மடங்கு.

மின்தடையை அற்பமாக நினைக்கக் கூடாது. 1.4 மில்லிமீட்டர் கம்பியில் 60 சுற்று என்றால் ஒரு காயிலுக்குச் சுமார் 12 மீட்டர், 0.13 ஓம். மூன்று காயில் தொடராகச் சேர்ந்த ஒரு ஃபேஸ் 0.4 ஓம். எப்போதும் இரண்டு ஃபேஸ் வழியே மின்னோட்டம் போவதால் 0.8 ஓம். பேட்டரிக்கு 8 ஆம்பியர் போகும்போது காயில்களில் 51 வாட் சூடாகிறது, தாங்கும். புயல்காற்றில் 16 ஆம்பியர் போனால் 200 வாட்டுக்கும் மேல், காயில்கள் கருகும் நிலைக்கு வந்துவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு என்றேன் அல்லவா? அதனால்தான் இத்தகைய காற்றாலைகளில், காற்று மிஞ்சும்போது இறக்கையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வால் அமைப்பு இருக்கிறது. அதை அழகுக்காக வைத்தது என்று எண்ணி விட்டுவிட்டவர்களின் காயில்கள் கருகிய கதை நிறைய உண்டு.

12, 24, 48: எது உங்களுடையது?

200 வாட்டைப் பேட்டரி அறைவரை கொண்டுபோக வேண்டும், தூரம் 10 மீட்டர், கம்பி 4 சதுர மில்லிமீட்டர். போகவர 20 மீட்டருக்கு மின்தடை 0.086 ஓம். 12 வோல்ட்டில் 17 ஆம்பியர் ஓடும், கம்பியில் 25 வாட் வீணாகும். 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதி, இழப்பு கால்பங்கு: 6 வாட். தூரம் 50 மீட்டர் என்றால் இந்த எண்களை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், 12 வோல்ட்டை யாரும் கேட்க மாட்டார்கள். டயோடுகளின் 1.4 வோல்ட்டும் 12-இல் பத்தில் ஒரு பங்குக்கு மேல், 48-இல் மூன்று விழுக்காடு. பக்கத்திலேயே பேட்டரி, சுமையும் சிறிது என்றால் 12 சரி. நம் எடுத்துக்காட்டுக்கு 24 பொருத்தம். வோல்ட் மாறினால் காயிலும் மாற வேண்டும்: 12-க்கு 30 சுற்று தடித்த கம்பி, 48-க்கு 120 சுற்று மெல்லிய கம்பி. செம்பின் எடை ஏறத்தாழ ஒன்றுதான்.

பேட்டரியில் நிறுத்திய பிறகு ஹெர்ட்ஸ் கவலை தீர்ந்தது. காற்று ஏறினாலும் இறங்கினாலும் இன்வெர்ட்டர் தன் போக்கில் சீரான 50-ஐயோ 60-ஐயோ தந்துகொண்டிருக்கும். இன்ஜினை மெதுவாகவும் ஓட்டக்கூடிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் உள்ளே செய்வதும் இதுவே: பலதுருவ ஜெனரேட்டர், டயோடு, பிறகு இன்வெர்ட்டர்.

பேட்டரி நிரம்பியதும் காற்றாலையின் கம்பியைக் கழற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சூரியத் தகட்டைக் கழற்றிவிடலாம், அது சும்மா இருக்கும். காற்றாலையையோ நீர்ச்சக்கரத்தையோ சுமையின்றி விட்டால் வெறிபிடித்ததுபோல் வேகமெடுக்கும், மின்னழுத்தம் பல மடங்கு எகிறும். மிகுதி மின்சாரத்தை வெப்பச் சுருள் ஒன்றுக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் வேண்டும். லித்தியம் பேட்டரி வைப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் உள்பாதுகாப்புச் சுற்று முன்னறிவிப்பின்றித் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்.

கைகளும் உயிரும்

நியோடைமியம் காந்தங்களை லேசாக எண்ண வேண்டாம். இரண்டு தட்டுகளையும் கையால் நெருக்கி வைக்க முயன்றால் விரல் எலும்பு நொறுங்கும். மூன்று திருகுக்கம்பிகளை வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்க வேண்டும். இந்தக் காந்தங்களின் சாதாரண வகை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் வலிமையை நிரந்தரமாக இழக்கும்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். இன்ஜின் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரை இணைப்பதானால், பொது மின்வழியைத் துண்டித்த பிறகே இதை இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வழியாக, தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் கையால் இணைக்க வேண்டும். பிளக் பாயிண்டில் சொருகிப் பின்வழியாக மின்சாரம் விடுபவர்கள் உண்டு. மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரை அது கொல்லும். டிரான்ஸ்ஃபார்மர் வழியே திரும்பிப் போகும்போது உங்கள் 230 வோல்ட் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடும்.

மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்ற, அந்த ஜெனரேட்டரே மோட்டாரை ஓட்ட, மிச்ச மின்சாரம் வீட்டுக்கு என்று காட்டும் காணொளிகள் உங்களையும் வந்தடைந்திருக்கும். ஸ்டெப்பர் மோட்டாரின் முனைகளை முறுக்கிச் சுழற்றியபோது விரலில் தெரிந்த எதிர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எதிர்ப்பை வெல்லும் ஆற்றல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை இழப்பு இருக்கும்போது அந்த இணை சில நொடிகளில் நின்றுபோகும். அதற்காகப் பணத்தையும் செம்பையும் செலவிடாதீர்கள்.

முதல் ஓட்டம்

கம்பத்தில் ஏற்றுவதற்கு முன் மேசைமேல் ஒரு நாள் செலவிடுங்கள். முதலில் எதையும் இணைக்காமல் கையால் சுழற்றி, எங்காவது உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்து மூன்று வெளிக் கம்பிகளில் இரண்டிரண்டாகத் தொட்டுச் சுழற்றுங்கள். மூன்று சோடியிலும் எதிர்ப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு சோடிகள் மூன்றாவதைவிட இலகுவாகச் சுற்றினால், ஏதோ ஒரு காயிலைத் தலைகீழாக இணைத்திருக்கிறீர்கள். ரெசின் வார்ப்பதற்கு முன்பே இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டால் திருத்துவது எளிது.

பிறகு டயோடுகளையும் பேட்டரியையும் இணைத்து, டிரில் இயந்திரத்தால் வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஒரு தாளில் வேகம், வோல்ட், ஆம்பியர் என்று மூன்று பத்திகள். 180, 190 வரை ஆம்பியர் மீட்டர் பூஜ்யத்தில் கிடக்கும். 200-ஐ ஒட்டி முள் அசையும், அதே நொடியில் டிரில்லின் ஓசை ஒரு படி இறங்கிக் கனப்பதையும் கேட்பீர்கள். அந்த ஓசை மாறும் வேகத்தை வட்டமிட்டு வையுங்கள். அது 200-லிருந்து வெகுவாக விலகியிருந்தால் தட்டுகளின் இடைவெளியை ஒரு மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம், காயிலைப் பிரிக்க வேண்டியதில்லை.